ஒருவர் நீங்கலாக ஒருமனதாக

'ஆட்சேபணை' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்தவர் மாதிரி ஒரு பேராசிரியர் இருந்தால் அந்தக் கல்லூரிக்கு வேறு எதிரியே தேவையில்லை. திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் அவர் இயற்பியல், நான் கணிதம். நான் ஓய்வு பெறும்வரை அறுபத்தைந்து ஆசிரியர் கூட்டங்களில் கலந்துகொண்டேன். அறுபத்து நான்கில் அவர் கை தூக்கினார். எண்ணியது நான்தான். யாராவது எண்ண வேண்டுமல்லவா?

இறந்துபோன சக ஆசிரியருக்கு இரங்கல் தீர்மானம் வாசித்தோம். 'கடுமையாக உழைத்தவர்' என்ற இடத்தில் கை உயர்ந்தது. "அவரு லேப்புல தூங்குனத நாலு தடவை பார்த்திருக்கேனுங்க. தீர்மானத்துல பொய் வரக் கூடாதுங்க." அந்த ஒரு சொல்லுக்காக இருபத்திரண்டு நிமிடம் விவாதித்தோம். இறந்தவரின் மைத்துனர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

நிர்வாகத்தை மட்டும் எதிர்த்திருந்தால், ஆசிரியர் சங்கச் செயலாளரான நான் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன். எங்களையும் எதிர்த்தார். விரல் ரேகை வருகைப் பதிவு வந்தபோது கல்லூரி வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்தினோம். எங்கள் வரிசையிலிருந்து நாலடி தள்ளி, 'மூன்றாவது கோரிக்கை நீங்கலாக' என்று எழுதிய அட்டையோடு அவர் நின்றார். மறுநாள் செய்தித்தாள் படத்தில் தெளிவாகத் தெரிந்தது அந்த அட்டை மட்டும்தான். பிறகு நான்கு மாதம் இயந்திரத்துக்கு முன்னால் நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய சங்கதி. எங்கள் கல்லூரியில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு உண்டு. இரண்டையும் காலையிலேயே சேர்த்துவிட நிர்வாகம் முடிவு செய்தது. அதிசயமாகச் சங்கமும் ஒத்துக்கொண்டது. சங்கத்து ஆட்கள் முப்பத்தொரு பேரும் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகலாமே!

மாரியம்மாள் என்ற இரண்டாம் ஆண்டு மாணவி ஆசிரியர் அறைக்கு வந்தாள். ஆட்சேபணை மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மதியம் வரை செக்கிங் வேலை; பிறகு பஸ் பிடித்து மதிய ஷிப்டுக்கு வருவாள்.

"சார், காலேஜக் காலையில வச்சா நான் எதை விடணும்? கம்பெனிய விட்டா வீட்ல சோறு கிடையாது. காலேஜ விட்டா…" முடிக்காமல் நின்றாள்.

"நாங்க பேசறோம் கண்ணு" என்றேன். பேசவில்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். கூட்டக் குறிப்பை அலுவலகக் கண்காணிப்பாளர் முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்துவிடுவார். கடைசிப் பத்தி எப்போதும் ஒன்றுதான்: 'இயற்பியல் பேராசிரியர் ஆட்சேபணை தெரிவித்தார். மற்ற அனைவரும் ஏற்றனர்.' அதுவரை அது தவறியதே இல்லை.

கூட்டத்தன்று ஆட்சேபணை வரவில்லை. ஒன்பது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. வடை சூடாக இருந்தது. யாரும் குறிப்பைப் படிக்கவில்லை, நானும்தான். முப்பத்தொரு கையெழுத்தோடு அது மண்டல அலுவலகத்துக்குப் போனது.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. கூடவே ஆட்சேபணை அங்கே அனுப்பியிருந்த கடிதத்தின் நகல். கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்: 'நான் முறைப்படி விடுப்பில் இருந்த கூட்டத்தில் நான் ஆட்சேபணை தெரிவித்ததாகக் குறிப்பு உள்ளது. இதை ஆட்சேபிக்கிறேன்.' முதல்வரே கையெழுத்திட்ட விடுப்புக் கடிதத்தையும் இணைத்திருந்தார். நடக்குமுன் எழுதிய குறிப்பு செல்லாது, மாணவர்களைக் கேட்காமல் ஷிப்டைத் தொடக் கூடாது என்றது மண்டல அலுவலகம்.

முதல்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வந்தாலும் வம்பு, வராட்டியும் வம்புங்களே இந்த மனுசனோட!"

நான் நேராக இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனேன். "ஏனுங்க, எங்கள மாட்டி விடறதுக்குன்னே லீவு போட்டீங்களா?"

"இல்லீங்க. கூட்டத்துல நான் என்னைக்குங்க ஜெயிச்சேன்? அந்தப் புள்ள வேலை செய்யற கம்பெனிக்குப் போயிருந்தேனுங்க. வேலைய மதியத்துக்கு மாத்தித் தாங்கன்னு சூப்பர்வைசர்கிட்டக் கேட்டேன். மூணு மணி நேரம் நிக்க வெச்சு, முடியாதுன்னுட்டாருங்க. குறிப்பை அப்பறந்தான் படிச்சேன். படிச்சுட்டுச் சும்மா இருக்க முடியுங்களா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

மாரியம்மாள் மதிய ஷிப்டிலேயே படித்துத் தேறினாள்.

அடுத்த கூட்டம்தான் என்னுடைய கடைசிக் கூட்டம். சங்கத்து ஆட்கள் உட்காரும் வரிசையைத் தாண்டி, ஆட்சேபணைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இடம் மாறி உக்காந்துட்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.