துரை வீட்டு வளையமும் என் பத்து நாள் லீவும்

பத்து நாள் லீவு. ஆவடி ராணுவக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் குமாஸ்தா நான். ஹிட்லர் வந்தாலும் வராவிட்டாலும் சீட்டு ஒட்டியாக வேண்டும். தீபாவளிக்கு அரை நாள் கொடுத்தார்கள். அதிலும் பாதியை மழை கொண்டுபோயிற்று. அப்படிப்பட்ட எனக்கு, கிறிஸ்துமஸை ஒட்டி எங்கள் வெள்ளைக்கார துரை ஞாயிற்றுக்கிழமை தொடங்கிப் பத்து நாள் லீவு கொடுத்துவிட்டார். பத்து நாளும் கயிற்றுக் கட்டிலில் படுத்தே கிடப்பது, பல் தேய்க்க மட்டும் எழுந்திருப்பது என்று அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன்.

தீர்மானத்தோடு வெள்ளானூரில் என் வீட்டுக்குள் காலை வைத்தேன். என் மனைவி வடிவு முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வராங்க."

"எத்தினி நாளைக்கி?"

"வரதுக்கு முன்னாடியே போறதப் பத்தி கேக்கறியே, நல்லா கீதா?"

என் மாமியார் நாகம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் ஓர் ஆண்பிள்ளை படுத்திருந்தால் அவளுக்குக் கண் உறுத்தும். போன தடவை ரெண்டு நாளைக்கு என்று ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்தவள் நாற்பது நாள் இருந்தாள். அந்த நாற்பது நாளில் நான் கிணற்றில் இரண்டு தரம் தூர் வாரினேன். மூன்றாம் தரம் இறங்கியபோது வாருவதற்குத் தூர் இல்லை, பாறைதான் இருந்தது. அதையும் கழுவச் சொன்னாள்.

மறுநாள் வேலைக்குத் துரையின் பங்களா வழியாகப் போனேன். வாசல் கதவில் பச்சை இலையில் ஒரு வளையம் தொங்கியது. வளையம் வைப்பது செத்தவர்களுக்குத்தானே. பக்கத்து வீட்டு பாஸ்கல் என்னோடுதான் கிடங்கில் வேலை செய்கிறான். அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"துரை வீட்ல யாருப்பா செத்துட்டாங்க?"

"ஐயே, வாயைக் கழுவு அண்ணாத்தே. கிறிஸ்துமஸ்ஸுக்கு மாட்டறது அது. வூட்டுக்கு வரவங்களுக்கு நல்வரவு சொல்ற மாதிரி."

"எப்படிச் செய்யறது?"

"மூங்கில் சிம்பைத் தண்ணியில ஊறப்போட்டு வளைச்சிக் கட்டணும். இலைக் கொத்தை ஒரே பக்கமா சாய்ச்சி வச்சி, நாரால சுத்திகினே வரணும். ஒண்ணோட காம்பை அடுத்தது மறைச்சிடும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். என் மூளை அங்கேயே வேலை செய்துவிட்டது. துரை வீட்டில் என்ன இலையோ, என் கொல்லையில் இருப்பது வேப்பமரம். நம் பக்கத்தில் வாசலில் வேப்பிலை தொங்கினால் உள்ளே யாருக்கோ அம்மை என்று அர்த்தம். தபால்காரன்கூடக் கடுதாசியை வேலியில் செருகிவிட்டு ஓடுவான். மாமியார் தெருவிலிருந்தே பார்ப்பாள், கன்னத்தில் போட்டுக்கொள்வாள், வண்டியைத் திருப்புவாள். வடிவு கேட்டால் துரை வீட்டுப் பண்டிகை அலங்காரம் என்று சொல்லிவிடலாம். நான் சீட்டு ஒட்ட வேண்டிய ஆளே இல்லை, சண்டையையே நடத்த வேண்டிய ஆள் என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். சிம்பு இரண்டு தரம் முறிந்து என் மூக்கில் அடித்தது. மூன்றாவது வளைந்தது. வேப்பங்கொத்தைச் சாய்த்துச் சாய்த்து வாழைநாரால் சுற்றினேன். கொஞ்சம் கோணலாக வந்தாலும் பச்சைப்பசேலென்று இருந்தது.

வடிவு வந்து நின்றாள். "இன்னாய்யா இது?"

"துரை வூட்ல இதான் மாட்டிகீறாங்க. நாகரிகம்."

"துரை வூட்லயும் வேப்பிலதானா?"

"பச்சையா இருந்தா சரி. இலையில இன்னா சாதி கீது?"

அவள் வளையத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நல்லாதான் கீது. கொஞ்சம் நடுவாப்புல மாட்டு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் செய்த எதையும் அவள் நல்லாதான் கீது என்று சொன்னதில்லை.

ஞாயிறு காலை வண்டிச் சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். நாகம்மாள் இறங்கினாள். கதவைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பி வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னாள். எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது.

வண்டி போயிற்று. மாமியார் போகவில்லை. வேலியோரம் நின்று இன்னும் இரண்டு கை வேப்பிலையை ஒடித்துக்கொண்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"ஆத்தா வந்துகிற ஊட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போனா அடுக்குமா? மூணு தண்ணி ஊத்தாம நான் நகர மாட்டேன். யாருக்குடி கண்டுகிது?"

அது அலங்காரம் அத்தே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வடிவு முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்குதாம்மா. முதுகுல நாலு முத்து போட்டுகிது."

"எனக்கா?" என்றேன். முதுகில் இருந்தது கொசுக்கடி. வெள்ளானூரில் அது இல்லாத முதுகு கிடையாது.

யார் கேட்டார்கள்? ஐந்து நிமிஷத்தில் தரையில் வேப்பிலை பரப்பி என்னைக் குப்புறத் தள்ளினார்கள். கயிற்றுக் கட்டில் கூடாதாம். காபி கூடாதாம். தாளிப்பு கூடாது, கறி கூடாது, சவரம் கூடாது, தலை வாரக் கூடாது. கேழ்வரகுக் கூழும் வெங்காயமும்தான். எறும்புகள் வேறு வேப்பிலையோடு வந்திருந்தன.

அதைவிட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இன்னொன்று. ஆறு வருஷமாக என்னை "ஏன் மாப்ளே, ஒக்காந்துகினே கீறியே" என்று கேட்ட நாகம்மாள், என் காலடியில் உட்கார்ந்து கைகூப்பினாள்.

"தாயே, கூழு குடிக்கிறியா தாயே?"

அம்மை கண்டவன் அம்மனாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் உண்மையைக் கக்கினேன்.

"அத்தே, எனக்கு அம்மையே இல்ல. நீ வராம இருக்கணும்னு நான்தான் பொய்யா வளையம் கட்டினேன்."

மாமியார் மகளைப் பார்த்தாள். வடிவு பெருமூச்சு விட்டாள். "ஜொரம் தலைக்கேறிட்டுது. பெனாத்தறாரு பாரும்மா."

இன்னும் ஒரு கை வேப்பிலை என் நெற்றிக்கு வந்தது.

நாலாம் நாள் பாஸ்கல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தான். நான் படுத்தபடியே கத்தினேன்.

"பாஸ்கலு, அது கிறிஸ்துமஸ் வளையம்னு நீயாவது சொல்லுப்பா."

"அதுல ஏது அண்ணாத்தே வேப்பில?" என்றான். பிறகு இன்னும் நாலு அடி பின்னால் போனான். "துரைகிட்ட சொல்லிட்டேன். நல்லா எறங்கினப்புறம் வந்தா போதுமாம்."

ஆறாம் நாள் ஒரு யோசனை வந்தது. என்னை அம்மன் என்கிறாளே, அம்மனாகவே பேசிவிட்டால்? எழுந்து உட்கார்ந்தேன். தலையை விரித்துப்போட எனக்கு முடி போதாது, இருந்ததைக் கலைத்துவிட்டுக் கொண்டேன். கண்ணை உருட்டினேன்.

"நான் கருமாரி சொல்றேன். நாகம்மா, நீ இப்பவே உன் ஊருக்குக் கெளம்பு."

மாமியார் நடுநடுங்கி எழுந்துவிட்டாள். மூட்டையைக்கூடத் தொட்டுவிட்டாள். எனக்கு உயிர் வந்தது.

அடுப்படியிலிருந்து வடிவு நிதானமாக வந்தாள். "ஆத்தா உன்னைச் சோதிக்குதும்மா. பயந்து ஓடுறியா, பக்தியா நிக்கிறியான்னு பாக்குது."

"நான் போவ மாட்டேன் தாயே," என்று நாகம்மாள் என் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரி முழுக்க அந்தப் பிடி தளரவில்லை.

மூன்றாவது தண்ணீர் பத்தாம் நாள் ஊற்றினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர். அதோடு என் லீவும் வடிந்தது. மறுநாள் விடிந்ததும் மாமியார் மூட்டையை எடுத்துக்கொண்டாள். அம்மை கண்ட வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாதாம்; என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மகளோடு மட்டும் வாசலில் ஏதோ பேசிவிட்டு வண்டி ஏறினாள்.

நான் வடிவைப் பிடித்துக்கொண்டேன். தாடி வேறு அரித்தது.

"கொசுக்கடின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வேப்பிலய நீ ஒடிக்கும்போதே எல்லாம் தெரியும்."

"பின்ன ஏண்டி இப்டி பண்ணே?"

மூங்கில் வளையத்தைக் கதவிலிருந்து கழற்றினாள். "போன தடவை நீ நாப்பது நாளும் மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருந்தியே. இனிமே உன் ஊட்ல ராத்தங்க மாட்டேன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. எனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துது தெரியுமா? இப்பவும் மத்தியானச் சோறு துன்னுட்டு, பொழுதோட திருவேற்காடு போயி சாமி கும்புட்டுட்டு ஊட்டுக்குப் போறதாதான் வந்தாங்க. நீ வாசல்ல இத்த மாட்டிட்ட."

ஒரு வேளைச் சோறு. வெறும் ஒரு வேளைச் சோறு. நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சரி, போவும்போது உங்கம்மா உன் காதுல இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. உனக்கு அடுத்த லீவு எப்போன்னு கேட்டாங்க."