மலைக்கு முதுகு காட்டியவர்

சுவிஸ் நாட்டில் இருந்துகொண்டு மலைக்கு முதுகு காட்டிப் படம் எடுத்த ஒரே மனிதர் எங்கள் சி.ஐ.டி. அண்ணைதான். எண்பதுகளின் நடுவில், லாங்கன்தாலுக்குப் பக்கத்து அகதி விடுதியொன்றில் பதினொரு பேர் இருந்தோம். வானம் வெளித்த நாளில் தூரத்துப் பனிமலை தெரியும். பத்துப் பேர் தலை சீவிக்கொண்டு அதன் முன்னால் நிற்போம். அவரோ எதிர்ப்பக்கம் திரும்பி, வேலியோரம் குப்புறக் கிடந்து, ஒரு முள்ளெலியைக் குறி பார்ப்பார்.

கல்லுப் பாலம், மணிக்கூட்டுக் கோபுரம், ஓக் மரம், நெஞ்சு சிவந்த குருவி. மனித முகம் ஒன்றுகூட இல்லை. சுவிஸ் கொடி கண்ணில் பட்டால் கமராவை மூடிவிடுவார். மாதம் ஒரு தடித்த உறை லண்டனுக்குப் போகும்.

சி.ஐ.டி. என்று சந்தேகப்பட்டு, முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் வைக்க இது போதாதா? எங்கள் அகதி விண்ணப்ப விசாரணைக்கு முடிவு வராத காலம். யாரோ எழுதிப்போடும் ஒரு தாள் போதும், திருப்பி விமானம் ஏற்றிவிடுவார்கள். அவர் குசினிக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். பருப்பு மட்டும் கொதிக்கும்.

"பாலத்தை எடுக்கிறது வேவு. முள்ளெலியை என்னத்துக்கு எடுக்கிறான்?" என்று கேட்டேன்.

"அதுதான் மச்சான் பயமாக்கிடக்கு," என்றான் செல்வம்.

ஒரு ஞாயிறு, அவர் ஒட்டி வைத்திருந்த உறையைச் செல்வம் கிழித்தே விட்டான். படங்களோடு ஒரு கடிதம். உரக்க வாசித்தான்: "ஐயா, லண்டனில் இப்போது வசந்தம். நீங்கள் வகுப்பில் சொல்லித் தந்த ஓக் மரம் இதுதான்..."

வாசலில் அண்ணை நின்றார்.

"இப்ப ஆரடா சி.ஐ.டி.?"

அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம்.

கட்டிலில் உட்கார்ந்து மெல்லச் சொன்னார்: "ஐயா எண்டது என்ர அப்பா. நாப்பது வருசம் இங்கிலிஸ் படிப்பிச்ச மனுசன். ஓக், ரொபின் எண்டு சொல்லிக் குடுத்தவர், ஒண்டையும் கண்டதில்லை. லண்டன் எண்டு கூட்டிவந்த ஏஜென்ட் என்னை இங்க விட்டிட்டு ஓடிட்டான். இருதய வருத்தக்கார மனுசனுக்கு அதை எப்பிடி எழுதுறது? லண்டன்ல ஒரு சிநேகிதன் அந்த நாட்டு முத்திரை ஒட்டி அனுப்புறான்."

செல்வம் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்தான்.

"அண்ணை, இதில மூலையில மலை தெரியுது. ஐயா பிடிச்சிடுவார்."

அன்றிலிருந்து பதினொரு பேரும் சுவிஸ் வயல்களில் இங்கிலாந்தைத் தேடி அலைந்தோம். மலை எட்டிப்பார்த்த இடத்திலெல்லாம் கட்டில் விரிப்பை உயர்த்தி மறைத்தோம். "இங்கிலாந்தில வேலி இப்பிடி இருக்குமோ?" என்று செல்வம் அதட்டுவான். கண்டவன் எவன்? கடைசியில் ஒரு பசுவின் படத்தைப் பதினொரு பேரும் துருவித்துருவிப் பார்த்து, சந்தேகம் தீர்ந்து அனுப்பிவைத்தோம்.

லண்டன் சுற்றி ஐயாவின் பதில் வந்தது. அண்ணை படித்துவிட்டுச் செல்வத்திடம் நீட்டினார்.

"தம்பி, பசு வடிவு. ஆனால் இங்கிலாந்துப் பசுவுக்கு இவ்வளவு பெரிய மணி கட்டுவதாக நான் எங்கும் படிக்கவில்லை. எந்த நாடானாலும் குளிருக்கு உடுத்திக்கொள். விரிப்பைப் பிடித்திருக்கும் பிள்ளைகளின் விரல்கள்தான் தெரிகின்றன. அவர்கள் முகத்தோடு ஒரு படம் அனுப்பு."

அப்படி எடுத்து அனுப்பிய படத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்னால் மலை முழுதாக நிற்கிறது. முன்னால் பத்துப் பேர் சிரிக்கிறோம், கமராவுக்குப் பின்னால் நின்ற எங்கள் சி.ஐ.டி.யைப் பார்த்து.