நான் நிறுத்தாத பாட்டு

பாட்டு என்றால் ஒன்று பாட வேண்டும், இல்லை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது. ஐ.டி.ஐ. படித்த எனக்கே இது தெரிகிறது. அந்த வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை!

ஹைதராபாத் குகட்பள்ளியில் எங்கள் காலனித் தமிழர்களின் பொங்கல் விழா. மியூசிக்கல் சேருக்குப் பாட்டுப் போடுவது என் பொறுப்பு. முந்தின வருஷம் சினிமாப் பாட்டு பாதி ஆட்டத்தில் முடிந்துபோய் ஒரே சண்டை. அதனால் நீளமான பாட்டாகத் தேடினேன். எங்கள் மாடியில் குடியிருந்து, அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர் பிரபு ஒரு சி.டி.யை நீட்டினான்.

"வெளிநாட்டு பேண்டுங்கண்ணா, சைகடெலிக் ராக். என்னென்னமோ புதுசா பண்ணியிருக்காங்க. மொத்தமே மூணு பாட்டுதான். உங்க போட்டி முடிஞ்சாலும் பாட்டு முடியாதுங்க."

தொடக்கத்தை மட்டும் கேட்டேன். டமடமவென்று நன்றாகத்தான் இருந்தது. (அங்கேதான் ஏமாந்தேன், பிள்ளைகளே.)

போட்டியில் என் மகள் வள்ளியும் இருந்தாள். பரிசு, காந்த மூடி போட்ட பென்சில் பாக்ஸ். அதற்காக ஒரு வாரமாக வீட்டு ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். (தலை சுற்றியது அவள் அம்மாவுக்கு.) மகளுக்குச் சாதகமாக நிறுத்தினேன் என்று ஒருவரும் சொல்லக் கூடாதே! குறுக்கே ஒரு போர்வையைக் கட்டி, அதற்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் போட்டேன்.

கடைசியில் ஒரே நாற்காலி. வள்ளியும், செயலாளர் சுந்தரம் சாரின் மகனும் சுற்றினார்கள். அப்போது பார்த்து அந்தப் பாட்டு நாய் மாதிரி குரைத்தது. பிறகு தண்ணீர் சொட்டியது. அப்புறம் சத்தமே இல்லை. ப்ளேயரைப் பார்த்தால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

"நான் உட்கார்ந்துட்டேன்!" வள்ளியின் குரல்.

"சார், நிறுத்தினீங்களா?" என்றார் சுந்தரம் சார்.

"நான் நிறுத்தலை!" நியாயவானாகக் கத்தினேன்.

"அப்ப செல்லாது. எழுந்திரும்மா."

அவள் எழுந்ததுதான் தாமதம், பாட்டு இடி மாதிரி திரும்ப வந்தது. திடுக்கிட்டதில் என் விரல் பட்டனை அமுக்கிவிட்டது. பையன் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இப்ப?"

"இப்ப... நான்தான் சார்."

"நக்கோ! ஒத்துக்க மாட்டேன்! அப்பா சீட்டிங்!" அலறினாள் வள்ளி. யாரும் சொல்லக் கூடாதென்று போர்வை கட்டினால், சொந்த மகளே சொல்கிறாள்!

சாயங்காலம் பிரபுவைப் பிடித்தேன். "நடுவுல பாட்டு எங்கடா போச்சு?"

"அந்த மௌனமும் பாட்டுதாங்கண்ணா. அதுதான் அழகே."

மௌனத்துக்கா காசு கொடுத்தாய், அட மடையா! எங்கள் வீட்டில் அன்று இருந்த மௌனத்தில் மூன்று சி.டி. போட்டிருக்கலாம்.

வள்ளி வளர்ந்து, அவள் கல்யாணமும் வந்தது. அக்கினியைச் சுற்றி வந்து முடிக்கும்போது, மேளக்காரர் வியர்வையைத் துடைக்கக் கையை எடுக்க, மேளம் நின்றது. வள்ளி சட்டென்று மணையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"யார் நிறுத்தினாலும் சரிப்பா, இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டேன்."

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும், தான் அவுட்டா என்று தெரியாமல், மாலையோடு நின்றுகொண்டிருந்தார்.