சுவருக்கு வாய் முளைத்த வரலாறு

மனிதர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பந்தின் பின்னால் ஓடியே வாழ்நாளைக் கழிக்கிறார்கள். ஓடுகிறவர்களைப் பார்த்தபடி ஓரமாக நின்று, கைகட்டி, முகம் சுளிக்கும் பெரும்பேறு ஒரு சிலருக்கே வாய்க்கிறது. கால்பந்து உலகில் அவர்களை ‘மேனேஜர்’ என்பார்கள்.

நம் நாயகருக்குச் சுவர் என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, ரசிகர்கள் வைத்தது. தடுப்பாட்டக்காரர். பந்து அவரைத் தாண்டினால் ஆள் தாண்டமாட்டான். ஆள் தாண்டினால் முழுசாகத் தாண்டமாட்டான். முட்டி வீங்கும்போதெல்லாம் கிளப் டாக்டர் ஊசி போடுவார், தலைவர் முதுகில் தட்டுவார், சுவர் மைதானத்தில் இறங்குவார். ஒருநாள் முட்டி ஊசியையும் மதிக்கவில்லை, தட்டலையும் மதிக்கவில்லை. மடங்கிவிட்டது.

கிளப் தலைவர் குளியலறைப் பீங்கான் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தவர். சுவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

“சுவர் இருந்தாத்தான் சித்திரம் எழுத முடியும். இனிமே நீங்கதான் மேனேஜர்.”

“எனக்கு ஆடத்தான் தெரியும் சார். பேச வராதே?”

“இத்தனை வருஷம் கோலைத் தடுத்தீங்க. இனிமே கோலோச்சுங்க!”

தலைவர் சிரித்தார். அது நகைச்சுவைதான் என்பதை உறுதி செய்துகொண்டு, அங்கிருந்த கிளப் இயக்குநர்களும் சிரித்தார்கள்.

பாவம், பதவியின் மகிமை சுவருக்கு முதலில் விளங்கவில்லை. “அவன் இடது காலாலதான் அடிப்பான், நீ அந்தப் பக்கம் நில்லு” என்பதுபோல் ஏதாவது சொல்லிவைப்பார். அணி ஜெயிக்கத் தொடங்கியது. கலவரமடைந்த இயக்குநர்கள் அவசரக் கூட்டம் கூட்டினார்கள்.

“அவர் பேசுறது எல்லாருக்கும் புரியுது சார். வெளிய தெரிஞ்சா நம்ம மரியாதை என்ன ஆகுறது?”

“பேட்டியில ‘நல்லா ஆடினோம், ஜெயிச்சோம்’னு சொல்றார். தொலைநோக்கே இல்ல!”

சுவர் உடனே ஒரு பெரிய ஓட்டலில் நடந்த ‘தலைமைப்பண்பு முகாமு’க்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவருக்கு வாயும் முளைத்திருந்தது. தோல்வி ‘கற்றல் வாய்ப்பு’ ஆயிற்று. “ஓடு” என்பது “வெளியில் முதலீடு செய்” ஆயிற்று. எந்த வெளியில் முதலீடு செய்வதென்று தெரியாமல் வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அணி விடாமல் கற்றுக்கொண்டே போய், பட்டியலின் அடிவாரத்தை அடைந்தது. பத்திரிகைகள் அவரைச் சிந்தனையாளர் என்று கொண்டாடின.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். சுவரின் பழைய இடத்தில் இப்போது ஆடிக்கொண்டிருந்தவன் அவருடைய மைத்துனன். அவனுக்கு இடது முட்டி வீங்கியிருந்தது. டாக்டர் ஓய்வு வேண்டும் என்றார். தலைவர் வேண்டாம் என்றார். நகரமெங்கும் விளம்பரப் பலகைகளில் புத்தம்புதுக் குளியல் தொட்டியில் கால் வைத்து நின்றவன் அவன்தானே!

காலையில் மனைவி வாசற்கதவை மறித்து நின்றாள்.

“என் தம்பி முட்டியப் பாத்தீங்கல்ல? அவன இறக்காதீங்க. படியேற முடியாம நீங்க படுற பாடு ஒருத்தருக்குப் போதும்.”

“நான் பாத்துக்கறேன்.”

உடைமாற்றும் அறையில் சுவர் குனிந்து அந்த முட்டியைத் தொட்டார். கொதித்தது. அந்தச் சூடு என்ன சொல்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். “இன்னிக்கு நீ உக்காரு” என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அப்போது கதவைத் திறந்து தலைவர் எட்டிப் பார்த்தார். வந்த வார்த்தை, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

“வலிக்குதா?”

“உயிர் போகுது அத்தான்.”

“அது வலி இல்ல. உடம்பு குடுக்கற பின்னூட்டம். நேர்மறையா எடுத்துக்க.”

“காலை ஊனவே முடியல.”

“உன்னோட சௌகரிய வட்டத்த விட்டு வெளிய வா.”

மைத்துனன் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தான். ஆட்டம் முடிகிற நேரத்தில் கோலுக்குள் போகவேண்டிய பந்தைக் குறுக்கே விழுந்து தடுத்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. அணி பிழைத்தது. ரசிகர்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள், மேனேஜரை. மைத்துனனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ‘துணிச்சலான முடிவு’ என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் யாருடைய முட்டியை வைத்து அந்தத் துணிச்சல் என்று எழுத இடமில்லாமல் விட்டுவிட்டன. சுவரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். இதையும் அவர் கற்றல் வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பூங்கொத்தும் கிளப்பின் புகைப்படக்காரருமாக மருத்துவமனைக்குப் போனார். மைத்துனனின் கால் இடுப்புவரை கட்டுப்போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. இனி ஆட முடியாது என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

“கவலப்படாத. தலைவர்கிட்ட பேசிட்டேன். நீதான் உதவி மேனேஜர். உனக்கு எல்லாத் தகுதியும் இருக்கு.”

புகைப்படக்காரர் இருவரையும் சிரிக்கச் சொன்னார். சுவர் சிரித்தார். மைத்துனன் அவர் முகத்தையே பார்த்தான்.

“எல்லாத் தகுதியும் இல்ல அத்தான். என் வலி எனக்குத் தெரியாம இருக்க முட்டியில ஊசி போட்டாங்க. அடுத்தவன் வலி தெரியாம இருக்க, உங்களுக்கு எங்க போட்டாங்க?”