மைனஸில் போன நட்சத்திரம்

அன்புள்ள இளைய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் நட்சத்திரத்தின் நிலைமைதான் கவலைக்கிடம்.

சென்ற முறை வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் நான் யதார்த்தமாகத்தான் கேட்டேன்: "வானத்துப் படத்துல இருக்கிற நட்சத்திரப் புள்ளி எவ்வளவு வெளிச்சம்னு சொல்றதெல்லாம் ஒரு உத்தியோகமா?" நீங்கள் கோபப்படவில்லை. "நீங்களே ஒண்ணை அளந்து பாருங்க மாமா" என்று என் கணினியில் மென்பொருளையும் ஒரு படத்தையும் ஏற்றிவிட்டுப் போனீர்கள். கோபப்பட்டது என் மகள். "நீங்க அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கிற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றாள். போனையும் எடுப்பதில்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அது கிடக்கட்டும், அளந்த கதைக்கு வருகிறேன்.

தராசுகளைச் சோதித்தே தலை நரைத்தவன் நான். நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் இருக்கும் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், வானத்துக்கும் சொந்தமாகக் கொஞ்சம் வெளிச்சம் உண்டாகையால் வெளியே ஒரு வளையம் போட்டு வெறும் வானத்தை அளந்து அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும் என்றீர்கள். பாத்திரத்தோடு நிறுத்துவிட்டுப் பாத்திரத்தின் எடையைக் கழிப்பது, அவ்வளவுதானே, இதற்கு ஒரு முனைவர் பட்டம்! வட்டம் போட்டால் பெரிதாகிவிட்டது, சிறிதாக்கினால் நட்சத்திரம் வெளியே நின்றது, எதையோ தொட்டதில் வெள்ளை கறுப்பாகிவிட்டது, அதைச் சரிசெய்யப் போனால் ஒரு பெட்டி திறந்து, வளையத்துக்குள் அளவுக்கு மீறி ஒளிர்வதை ஒதுக்கட்டுமா என்று கேட்டது. யாரையும் ஒதுக்கிப் பழக்கமில்லாதவன் நான், வேண்டாம் என்று அழுத்தினேன். விடை வந்தது: மைனஸ் நானூற்றுப் பன்னிரண்டு. அதாவது உங்கள் நட்சத்திரம் வெளிச்சம் தருவதில்லை, வானத்திடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது! இதை அளக்கத்தான் தினமும் டை கட்டிக்கொண்டு போகிறீர்களா? மூத்த மாப்பிள்ளையைப் பாருங்கள், பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொன்னால் உள்ளே பல் இருக்கும். எந்தப் பல்லும் மைனஸில் போனதாக அவர் இதுவரை சொன்னதில்லை.

ஆகவே மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கில்லை என்பதை என் மகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். இருவரும் நீண்ட ஆயுளோடு, கூடுமானவரை பிளஸிலேயே வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை திரையை எட்டிப் பார்த்தாள். "வெறும் வானத்தை அளக்கிற வளையத்துக்குள்ள இவ்வளவு பெரிய நட்சத்திரம் எப்படி வந்துச்சு?" என்றாள். பார்த்தேன். உங்களுடையதைவிடப் பெரிய ஒன்று அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் வெளிச்சத்தையும் வானத்தின் கணக்கில் சேர்த்துக் கழித்திருக்கிறேன். மென்பொருளிடம் அதை ஒதுக்கச் சொன்னதும் மைனஸ் போய் நல்ல கனமான பிளஸ் வந்தது. "சின்ன மாப்பிள்ளையையும் இப்படித்தானே அளக்கிறீங்க? பக்கத்துலேயே பெரியவரை உக்கார வச்சுக்கிட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, கையெழுத்து நன்றாக அமைந்துவிட்டது. நீங்கள் மட்டும் படித்துவிட்டு, மாமா மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று அவளிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்துவிடுங்கள். மூத்தவரைக் கூப்பிடவில்லை.