வெண்மதியின் நோட்டும் என் நோட்டும்

செம்மண்டலம், கடலூர்
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை வெண்மதிக்கு, அக்கா பொன்னி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். சிதம்பரத்தில் நீங்கள் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் அது உன் நோட்டில் ஏறி, மேலாளர் வழியாக எனக்கு வந்திருக்கும். வாட்சப்பில் எழுதினால் உடனே பதில் போடுவாய். அதனால் இதை, உங்கள் கிளைக்குத் திரும்பும் காலி பாட்டில் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன்.

நம் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு இந்த மாதம் பொறுப்பாளர் போடுகிறார்கள், அது நீயோ நானோதான் என்பது உனக்கும் தெரியும். உன்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான் என்பதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் மேலாளர் கலியமூர்த்தி சார் உங்கள் கிளைக்கு வந்துபோன நாளிலிருந்து உன் நோட்டைப் பற்றியே பேசுகிறார். எந்த வேலையை எப்போது தொடங்கினாய், எப்போது முடித்தாய் என்று எல்லாம் அதில் இருக்கிறதாம். "டீ குடிக்கப் போனதக்கூட எழுதியிருக்காங்க மேடம்" என்றார். டீ நானும்தான் குடிக்கிறேன். இருந்தாலும் அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினேன். உன்னுடையதைவிடத் தடித்தது.

அளந்ததைத்தான் எழுத வேண்டும் என்று வேதியியலில் படித்தவள், ஆகவே உள்ளதை எழுதினேன். மாலையில் பார்த்தால், காலை அரைமணி உன் நோட்டின் பெருமையைக் கேட்டது, பிறகு அரைமணி நீ இப்போது என்ன எழுதிக்கொண்டிருப்பாய் என்று யோசித்தது. பக்கத்தைக் கிழித்தேன். கிழித்ததையும் எழுத வேண்டியதாயிற்று. மறுநாள், செய்யப்போவதைக் காலையிலேயே எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது. குமராட்சி போர்வெல் தண்ணீர் பாட்டில்கள் நீ ஏற்றிவிடும் பஸ்ஸில் தினமும் வந்துவிடும், நானும் மதியத்துக்குள் முடித்துவிடுவேன், ஒருநாளும் மாறியதில்லை. "குமராட்சித் தண்ணீர், பரிசோதனை முடிந்தது" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அன்றைக்கென்று சார் வந்தார். என் நோட்டைப் பார்த்தார், நீ அனுப்பியிருந்த உன் நோட்டுப் பக்கத்தைப் போனில் பார்த்தார்.

"பஸ்ஸு வரல, பாட்டில் இன்னும் இங்கதான் இருக்குதுன்னு வெண்மதி எழுதியிருக்காங்க. நீங்க டெஸ்ட்டே பண்ணி முடிச்சிட்டீங்களா மேடம்?"

சார் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உங்க தங்கச்சிதான, எப்படி எழுதுறதுன்னு ஒருவாட்டி கேட்டுக்கங்க" என்றார். வீட்டில் சொன்னால் உன் மாமா, "அது சின்ன வயசுலேர்ந்தே பொறுப்பு" என்கிறார். கட்டிக்கொண்டது என்னை.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். அந்தப் பதவி எனக்கு வேண்டாம். மூத்தவள்தானே விட்டுக்கொடுக்க வேண்டும். உனக்கே கொடுக்கச் சொல்லி இன்று மதியம் சாரிடம் பேசுவேன். எனக்குத் துளியும் பொறாமை இல்லை. பெருந்தன்மை யாருக்கு என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் போதும்.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். சித்தியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
பொன்னி

பி.கு.: பெட்டியை மூடும்போது சார் கூப்பிட்டார். "உங்க தங்கச்சி காலையிலயே போன் பண்ணி, எனக்கு வேணாம் சார், அக்காவுக்கே குடுங்கன்னுட்டாங்க. என்னா மனசு மேடம் அவுங்களுக்கு" என்கிறார். பதவி எனக்கு வந்துவிட்டது. விட்டுக்கொடுப்பதிலும் நீ முந்திக்கொண்டாய். நேற்று மாலையே நான் விட்டுக்கொடுத்துவிட்டதாக என் நோட்டில் எழுதியிருக்கிறேன். உன்னுடையதில் என்ன நேரம் போட்டிருக்கிறாய் என்று சொல், தேவைப்பட்டால் மாற்றிக்கொள்கிறேன்.