உப்பு கொஞ்சம் தூக்கல்

“மெஷின் அண்ணனுக்கு மட்டும் தெரியவே கூடாது” என்றார் டீச்சர், தாள் வெட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்குள் குரலைப் பதுக்கிக்கொண்டு.

பைண்டர் பசை ஒட்டிய கையோடு நிமிர்ந்தார். “நாளைக்கு மதியம் எல்லாரும் ஒண்ணா சாப்பிடறோம். ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டு வரணும். இதுல என்ன டீச்சர் ரகசியம்?”

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. அந்த அச்சகத்தில் பிழை திருத்துபவர். பேச்சில் பிழை வந்தாலும் விடமாட்டார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

“தனக்காகத்தான்னு தெரிஞ்சா கூச்சப்படுவாரு. உங்களோட உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட்ட மனுஷன். ஒரு வாரமா தான் ஓட்டற அச்சு மெஷினுக்குப் பின்னால, பேப்பர் கட்டு மேல தனியா உக்காந்து சாப்பிடறாரு. மனசுல என்னவோ இருக்கு.”

டீச்சரும் தனியாகத்தான் சாப்பிடுவார். கணவர் போனதிலிருந்து தன் மேஜையிலேயே, புரூஃப் தாளைப் பார்த்தபடி. ஆனால் அது வேலை. அண்ணன் செய்வது சோகம்.

“சரி, என்ன கொண்டு வரட்டும்?”

“எதுவானாலும் சரி. காரம் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்க. அவருக்கு ஒத்துக்காது.”

டீச்சர் வாயை அதற்கு முந்தின வாக்கியத்தோடு மூடியிருக்கலாம். பைண்டர் அதை டிசைன் செய்யும் பெண்ணிடம், “அண்ணனுக்கு வயித்துல புண்ணாம்” என்று சொன்னார். அவள் முதலாளியிடம் சொன்னபோது ரத்தக்கொதிப்பும் கூடவே வந்துவிட்டது. மறுநாள் காலை அவள் டீச்சர் முன்னால் கண்கலங்கி நின்றாள்.

“அண்ணனுக்கு ஆபரேஷன் எப்போ டீச்சர்?”

“எந்த ஆபரேஷன்? அவரு கல்லு மாதிரி இருக்காரு!”

“கல்லா? ஐயோ, கிட்னியிலயா?”

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மதியம் பாத்திரங்களைத் திறந்து பார்த்தால் குழம்பு, பருப்பு, காய் எல்லாமே சோகை பிடித்ததுபோல் வெளுத்திருந்தன. டீச்சர் பைண்டரின் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். வெந்நீர்.

“உப்பு?”

“நோயாளிக்கு எப்படி டீச்சர் உப்புப் போடறது?”

கூட்டிப் பெருக்கும் அக்கா கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வந்தாள். ஊரைக் கூட்டிச் சொன்னால் அண்ணன் காதில் விழுமே என்று, டீச்சர் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக ஓதினார்: “சத்தமில்லாம உப்புப் போட்டுடுங்க.”

போட்டார்கள். அவரவர் பாத்திரத்தில் போட்டார்கள். பக்கத்துப் பாத்திரம் பாவமாகத் தெரிந்ததால் அதிலும் போட்டார்கள். முதலாளி வந்து தன் பங்குக்கு எல்லாவற்றிலும் ஒரு கை தூவிவிட்டுப் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று டீச்சரும்.

அண்ணனை இழுத்து வந்து நடுவில் உட்கார வைத்தார்கள். முதல் கவளம் உள்ளே போனதும் அவர் கண்ணில் நீர் முட்டியது. பாவம், எத்தனை நாள் ஏக்கமோ என்று நினைத்துக்கொண்டார் டீச்சர். தானும் ஒரு வாய் வைத்தார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

முதலாளி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைக்கவே இல்லை. டீச்சருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அண்ணன் மெல்ல விழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் போடுங்க டீச்சர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. இந்த உப்புக்கு ஏழு ஜென்மத்துக்கும் உங்களையெல்லாம் நினைக்கணும்.”

பைண்டருக்குப் புரை ஏறியது. டிசைன் பெண் சிரித்த சிரிப்பில் சோறு சிதறியது. டீச்சரும் சிரித்தார், பல் தெரிய, தோள் குலுங்க, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் அப்படிச் சிரித்து அச்சகத்தில் யாரும் பார்த்ததில்லை. வெறும் சோற்றைத் தயிரில் பிசைந்து, எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

குழாயடியில் பாத்திரம் கழுவும்போது டீச்சர் பெருக்கும் அக்காவிடம் சொன்னார்: “இப்பதான் அண்ணன் முகத்துல களையே வந்திருக்கு. இனிமே அவரைத் தனியா விடக்கூடாது. நாளையிலேருந்து நானும் வந்து உங்களோடயே உக்காந்துடறேன்.”

அக்கா கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அப்பாடா! ‘கூப்பிட்டா டீச்சர் வரமாட்டாங்க, பாவம் பாத்தாதான் வருவாங்க’ன்னு சொல்லித்தானேம்மா அண்ணன் ஒரு வாரமா அந்தப் பேப்பர் கட்டு மேல போய் உக்காந்தாரு!”